மானுக்கும் வீட்டுக்கும் ஒரே ரைஃபிளா? லீவர் ஆக்ஷனில் காலிபர் தேர்வு

வெள்ளைவால் மான் மீது சுடும் குண்டு இரண்டு நுரையீரல்களையும் துளைத்து மறுபக்கம் வெளியே போக வேண்டும். அப்போதுதான் இரண்டு துளைகளிலிருந்தும் ரத்தம் சிந்தும். சருகு மூடிய காட்டில் தடம் பிடித்துப் போய் மானைக் கண்டெடுக்க முடியும். அதே குண்டை நள்ளிரவில் வீட்டுக்குள் புகுந்தவன் மீது சுட நேர்ந்தால் அது மறுபக்கம் போகவே கூடாது. போனால் அடுத்த அறைக்குப் போகும். அங்கே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் ஒரே லீவர் ஆக்ஷன் ரைஃபிளை (அடியில் உள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) வாங்கி இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் மனதில் நிறுத்த வேண்டிய முரண் இது. பலரும் பிராண்டிலிருந்து தொடங்குகிறார்கள்: மார்லினா, ஹென்றியா, வின்செஸ்டரா, ரோஸியா என்று. அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். குண்டு எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்பது, பாதி முடிவாகிவிடும். காலிபர் முடிவானால் பிராண்ட் தானாக இரண்டு மூன்றாகச் சுருங்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ரைஃபிளில் வேறு வேறு பலத்தில் தோட்டா போட முடிகிற காலிபர்தான் இரண்டு வேலைக்கும் பொருந்தும். .357 மேக்னம் ரைஃபிளில் பலம் குறைந்த .38 ஸ்பெஷல் போடலாம்; .44 மேக்னம் ரைஃபிளில் .44 ஸ்பெஷல் போடலாம். .30-30, .45-70 இரண்டும் அருமையான வேட்டைத் தோட்டாக்கள். ஆனால் வீட்டுக்குள் அவற்றின் பலத்தைக் குறைக்கக் கடையில் சுலபமான வழி கிடையாது. ஏன் என்பதை விவரமாகப் பார்க்கலாம்.

தோட்டா என்று நான் சொல்வது கேஸ் (உலோகக் கூடு), ப்ரைமர் (அடித்தால் தீப்பற்றும் அடிப்பகுதி), வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழு உருப்படியை. குண்டு என்பது அதில் பறந்து போகும் முனைப் பகுதி மட்டும்.

பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஓடும் இன்னொரு மெல்லிய குழாயில் (இதுதான் மேகஸின்) ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். முன்னால் இருக்கும் தோட்டாவின் ப்ரைமர் மீது பின்னால் இருக்கும் குண்டின் முனை உட்கார்ந்திருக்கும். கூர்முனைக் குண்டாக இருந்தால் சுடும்போது வரும் உதைப்பில் அந்த முனை ப்ரைமரைக் குத்தி, மேகஸின் குழாய்க்குள்ளேயே தோட்டா வெடிக்கலாம். துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்கியிருக்கும் கை அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் குழாய் மேகஸினுக்குத் தட்டை முனை அல்லது அகன்ற உருண்டை முனைக் குண்டுதான். ஹார்னடி நிறுவனத்தின் லெவரெவல்யூஷன் வரிசை மட்டும் விதிவிலக்கு: அதன் முனை வளைந்து கொடுக்கும் மென்மையான பாலிமர், ப்ரைமரைக் குத்தாது. கூர்முனைக் குண்டுதான் வேண்டும் என்பவர்களுக்குக் கழற்றும் பெட்டி மேகஸின் வைத்த பிரவுனிங் பி.எல்.ஆர்., ஹென்றி லாங் ரேஞ்சர் இருக்கின்றன; .308 வின்செஸ்டர் போன்ற தோட்டாக்கள் அவற்றில் வரும். அவை நல்ல வேட்டைத் துப்பாக்கிகள். வீட்டுக் கணக்கில் .30-30-க்குச் சொல்லும் எல்லாமே அவற்றுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

முதலில் .30-30. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 ரைஃபிளுக்காக 1895-இல் சந்தைக்கு வந்தது. புகையில்லா மருந்துக்கென்றே அமைந்த முதல் அமெரிக்க வேட்டைத் தோட்டாக்களில் ஒன்று. இன்றும் கிழக்குப் பகுதிக் காடுகளில் மான் வேட்டை என்றால் பலருக்கு இதுதான். கடையில் கிடைக்கும் வழக்கமான தோட்டாக்களில் குண்டு இரண்டு எடையில் வரும்; கிரெயின் என்பது குண்டின் எடையை அளக்கும் மிகச் சிறிய அலகு. 150 கிரெயின் குண்டு குழல் வாயில் விநாடிக்கு 2,390 அடி வேகம், ஏறத்தாழ 1,900 அடி-பவுண்ட் ஆற்றல். 170 கிரெயின் குண்டு 2,200 அடி, 1,827 அடி-பவுண்ட். இந்த எண்கள் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தவை. 20 அங்குலக் குழலில் வேகம் கொஞ்சம் குறையும்.

வேகம் கூடுதல் என்று 150-ஐ எடுப்பவர்கள் தயாரிப்பாளரின் அட்டவணையில் தூரத்து எண்களையும் பார்க்க வேண்டும். 200 கெஜத்தில் 150 கிரெயினுக்கு மிஞ்சுவது சுமார் 860 அடி-பவுண்ட். 170 கிரெயினுக்குச் சுமார் 990. தட்டை முனைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், எடை கூடினால் இழப்பு குறையும். தோள் எலும்பில் பட்டாலும் 170 தான் உள்ளே தொடர்ந்து போகும். மானுக்கு இரண்டும் போதும். காட்டுப் பன்றியும் கரடியும் வரக்கூடிய இடம் என்றால் நான் 170-ஐத்தான் சொல்வேன்.

170 கிரெயினை 100 கெஜத்தில் இரண்டரை அங்குலம் மேலே படும்படி சைட்டை (குறிபார்க்கும் கருவி) அமைத்தால் 200 கெஜத்தில் சுமார் 4 அங்குலம் கீழே படும். மானின் நுரையீரல், இதயப் பகுதி எட்டு முதல் பத்து அங்குல அகலம். ஆகவே 175 கெஜம் வரை நடுவில் குறிவைத்தால் போதும், கணக்குப் போடத் தேவையில்லை. 160 கிரெயின் லெவரெவல்யூஷன் தோட்டாவை 100 கெஜத்தில் 3 அங்குலம் மேலே வைத்தால் 200 கெஜத்தில் ஏறத்தாழ குறியிலேயே படும். வயல் ஓரத்தில் உட்கார்ந்து வேட்டையாடுபவருக்கு இது பெரிய லாபம். அடர்ந்த காட்டில் 60 கெஜத்தில் சுடுபவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, கூடுதல் காசு வீண்.

உதைப்பு ஏழு பவுண்ட் ரைஃபிளில் சுமார் 10, 11 அடி-பவுண்ட். பதின்ம வயதுப் பிள்ளைகள்கூடப் பழகிக்கொள்வார்கள். மார்லின் 336, வின்செஸ்டர் 94, ஹென்றி மூன்றிலும் கிடைக்கிறது. ஒரு சின்ன வேறுபாடு கவனிக்க வேண்டியது: 1982-க்கு முந்தைய வின்செஸ்டர் 94 காலிக் கேஸை நேராக மேலே வீசும், அதன் நேர் மேலே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைக்க முடியாது. மார்லின் பக்கவாட்டில் வீசும். கண் பார்வை மங்கத் தொடங்கிய வயதில் பழைய 94 வாங்குபவர் இதை யோசித்துவிட்டு வாங்கட்டும்.

இனிச் சட்டம். எது சிறந்தது என்று மணிக்கணக்கில் விவாதித்து முடித்த பிறகு, வாங்கியதை நம் மாநிலத்தில் மானுக்குப் பயன்படுத்தவே முடியாது என்று தெரிந்தால் முதலுக்கே மோசம். ஓஹையோவில் மான் வேட்டைக்கு ரைஃபிள் என்றால் கழுத்துக் குறுகாத நேர்சுவர்க் கேஸ் கொண்ட தோட்டா மட்டுமே, அதுவும் .357-இலிருந்து .50 காலிபர் வரை. .30-30-இன் கேஸ் முனையில் குறுகுகிறது. ஆகவே அங்கே அது மானுக்கு ஆகாது. .35 ரெமிங்டனும் ஆகாது. .357, .44, .45 கோல்ட், .444 மார்லின், .45-70 எல்லாம் ஆகும். சேம்பரையும் (சுடப்போகும் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) மேகஸினையும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதும் அங்கே விதி. இத்தகைய மாநிலங்களுக்காகவே ரெமிங்டன் 2023-இல் .360 பக்ஹேமர் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. 180 கிரெயின் குண்டு 2,400 அடி வேகம்; .30-30 செய்யும் வேலையை நேர்சுவர்க் கேஸில் செய்துகாட்டுகிறது. குறை ஒன்றே: சிறு ஊர்க் கடைகளில் தோட்டா கிடைப்பது அரிது.

கொலராடோ வேறு மாதிரி கேட்கிறது. மானுக்கு .24 காலிபருக்குக் குறையக் கூடாது; உடலில் பட்டதும் விரியும் குண்டாக இருக்க வேண்டும்; தயாரிப்பாளரின் அட்டவணைப்படி 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்ட் இருக்க வேண்டும். .357 மேக்னம் 158 கிரெயின் ரைஃபிளில் 1,830 அடி வேகத்தில் கிளம்பினாலும் 100 கெஜத்தில் சுமார் 715 அடி-பவுண்டுக்கு வந்துவிடும், அங்கே தேறாது. .44 மேக்னம் 240 கிரெயின் சுமார் 1,015, தலை தப்பியது. வாங்கும் பெட்டியின் எண்ணை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் எல்லா .44 தோட்டாவும் இந்தக் கோட்டைத் தாண்டாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது; முழுச் செம்புக் குண்டு தேட வேண்டும். .30-30-க்கு அது கிடைக்கிறது, .357-க்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டெக்சாஸில் ப்ரைமர் அடிநடுவில் இருக்கும் சென்டர்ஃபயர் தோட்டா எதுவானாலும் மானுக்கு ஆகும்; விளிம்பில் அடிபடும் ரிம்ஃபயர் ஆகாது. அங்கே கட்டுப்படுத்துவது நம் மனச்சாட்சிதான்.

விசாவில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி பொதுவாகத் தடை. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியாகிவிட்டால் அந்த விலக்கும் போய்விடும். நண்பர் வீட்டில் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே இதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இனி .357. கைத்துப்பாக்கிக்காக 1935-இல் வந்த தோட்டா இது. 4 அங்குலக் குழலில் 158 கிரெயின் குண்டு விநாடிக்கு 1,235 அடி. அதே தோட்டாவை 16 முதல் 20 அங்குல ரைஃபிள் குழலில் சுட்டால் 1,800 அடியைத் தொடுகிறது. மெதுவாக எரியும் மருந்துக்கு நீண்ட குழல் முழுவதும் தள்ள நேரம் கிடைக்கிறது. ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. உதைப்பு .30-30-இல் பாதிதான். 16 அங்குல ரோஸி ஆர்92-இல் மேகஸினில் எட்டு, 20 அங்குலத்தில் பத்து தோட்டா பிடிக்கும்.

இந்தக் கூடுதல் வேகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 125 கிரெயின் ஹாலோபாயிண்ட் (முனையில் குழி உள்ள) குண்டு 1,450 அடி வேகத்தில் அழகாக விரியும்படி செய்யப்பட்டது. ரைஃபிளில் அது 2,000 அடியைத் தாண்டும். அந்த வேகத்தில் மானின் தோளில் பட்டால் மேலோட்டமாகவே உடைந்து சிதறும். பெரிய காயம், ஆழம் இல்லை. மான் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும், நமக்குக் கிடைக்காது. இதைவிட மோசமான வேட்டை வேறில்லை. .357-இல் மானுக்குப் போவதென்றால் 158 கிரெயின் சாஃப்ட்பாயிண்ட் (முனையில் மென்மையான ஈயம் தெரியும் குண்டு) அல்லது 180 கிரெயின் கடின ஈய வார்ப்புக் குண்டு, தூரம் 75 கெஜம், மிஞ்சிப் போனால் 100. பக்கவாட்டில் நிற்கும் மானின் விலாவுக்கு மட்டும். எதிரே பார்த்து நிற்கும் மானைச் சுடாமல் விட்டுவிடுவதே நல்லது.

வீட்டில் இதே ரைஃபிளில் .38 ஸ்பெஷல் பிளஸ்-பி (சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் அடைத்த) ஹாலோபாயிண்ட் போட்டால் நிலைமை மாறுகிறது. நீண்ட குழலிலும் வேகம் ஏறத்தாழ 1,000-இலிருந்து 1,150 அடிக்குள்தான் இருக்கும். குண்டு விரிவதற்காக அமைந்த வேக வரம்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. உதைப்பு இல்லை என்றே சொல்லலாம், குழல் வாய் நெருப்பும் மிகக் குறைவு. இருட்டறையில் நெருப்பு கண்ணைக் கூசவைக்காமல் இருப்பது சின்ன விஷயம் அல்ல. வீட்டில் கணவன், மனைவி இருவருமே கையாள வேண்டிய துப்பாக்கி என்றால் .357-ஐத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. பயிற்சிக்கும் .38 ஸ்பெஷல் மலிவு. 50 தோட்டா பெட்டியாகக் கிடைக்கும்; .30-30 பெரும்பாலும் 20 தோட்டா பெட்டிதான். அதிகம் சுடுபவர்தான் நன்றாகச் சுடுவார்.

.38-இன் கேஸ் .357-ஐ விடக் குட்டை. நூற்றுக்கணக்கில் .38 சுட்டால் சேம்பரில் கேஸ் முடியும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். பிறகு .357 போட்டால் லீவர் முழுதாக மூடாது, அல்லது சுட்ட கேஸ் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஒரு அளவு பெரிய வெண்கலப் பிரஷை, .40 காலிபர் பிரஷ் பொருத்தம், சேம்பருக்குள் விட்டுச் சுற்றித் தேய்த்தால் தீர்ந்தது. இன்னொன்று: சில ரைஃபிள்களில் தோட்டாவின் மொத்த நீளம் குறைந்தால் ஏற்றும்போது தகராறு வரும். அகன்ற விளிம்பு கொண்ட செமி-வாட்கட்டர் குண்டு சேம்பர் வாயில் முட்டி நிற்கும். உருண்டை முனையும் தட்டை முனையும் வழுக்கிக்கொண்டு போகும்.

.44 மேக்னம் இதே யோசனையின் தடித்த வடிவம். 240 கிரெயின் குண்டு ரைஃபிளில் 1,700 அடிக்கு மேல், சுமார் 1,600 அடி-பவுண்ட். 100, 125 கெஜம் வரை மானுக்கும் காட்டுப் பன்றிக்கும் நம்பிப் போகலாம். விரியவே விரியாவிட்டாலும் .43 அங்குலத் துளை போடும் குண்டு. அதற்கு அப்பால் வேண்டாம்: 100 கெஜத்தில் குறி வைத்தால் 200 கெஜத்தில் ஓரடிக்கும் மேல் இறங்கிவிடும், தூரத்தைக் கொஞ்சம் தப்பாக மதிப்பிட்டாலும் காயம்பட்ட மான்தான் மிஞ்சும். வீட்டுக்கு .44 ஸ்பெஷல் 200 கிரெயின் ஹாலோபாயிண்ட். விலை கூடுதல், எல்லாக் கடையிலும் இருக்காது. இரண்டு பெட்டி வாங்கி வைத்தால் வருடக்கணக்கில் போதும். பழைய மார்லின் 1894-இல், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் வரி 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 300 கிரெயின் கனக் குண்டு அதில் சரியாகச் சுழலாமல் தள்ளாடும். கரடிக்காகக் கனக் குண்டு சுட வேண்டும் என்பவர்கள் ரூகர் 2020-இல் மார்லினை வாங்கிய பிறகு வந்த 1894-ஐப் பார்க்கலாம், அதில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஹென்றியிலும் அப்படித்தான்.

மானும் வீடும் சரிபாதி முக்கியம் என்றால் .44. வீடு முதலிலும் மான் எப்போதாவதும் என்றால் .357. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

.45 கோல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அழகான தோட்டா, கையால் தோட்டா அடைப்பவர்களுக்குச் சொர்க்கம். கடைத் தோட்டாக்கள் 1870-களின் பழைய ரிவால்வர்களை மனதில் வைத்து மென்மையாக அடைக்கப்பட்டவை, அதே பணத்தில் .44 அதிகம் தரும்.

.45-70 மீது பலருக்கு ஆசை. 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது, பெருவிரல் அளவுத் தோட்டா. ஆனால் அட்டவணையைப் பாருங்கள்: 405 கிரெயின் குண்டு 1,330 அடி வேகத்தில் 1,590 அடி-பவுண்ட்தான். அதாவது குழல் வாயில் .30-30-ஐ விடக் குறைவு! ஆனால் மானையோ கரடியையோ இதனால் சுட்டவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். கனத்த, அகன்ற, மெதுவான குண்டு எலும்பைப் பொருட்படுத்தாமல் நேர்கோட்டில் போய் மறுபக்கம் வெளியேறும். ஆற்றல் கணக்கில் வேகம் இருமடியாகச் சேர்கிறது, எடை ஒரு மடங்குதான், விட்டம் சேர்வதே இல்லை. கரடி நடமாடும் அலாஸ்காவில் இது பொருளுள்ள தேர்வு. அந்தப் பழைய 405 கிரெயினை 100 கெஜத்தில் குறிவைத்தால் 200 கெஜத்தில் சுமார் 2 அடி இறங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

.45-70-இல் உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயம் உண்டு. ஒரே பெயரில் மூன்று பலத்தில் தோட்டாக்கள் புழங்குகின்றன. ஸ்பிரிங்ஃபீல்ட் டிராப்டோர் என்ற பழைய ராணுவ ரைஃபிள் தாங்கும் மென்மையான ரகம். புதிய மார்லின் 1895 போன்ற லீவர் ரைஃபிள் தாங்கும் நடு ரகம். ரூகர் நம்பர் 1 போன்ற ஒற்றைச் சுடு ரைஃபிளுக்கு மட்டுமான உச்ச ரகம். மூன்றும் ஒரே சேம்பருக்குள் நுழையும். பெட்டியின் மேல் எந்தத் துப்பாக்கிக்கு என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் யாரோ கையால் அடைத்துக் கொடுத்த தோட்டாவை வாங்கிச் சுடுவது ஆழம் தெரியாமல் காலை விடுவது. நடு ரகத் தோட்டாவே ஏழு பவுண்ட் ரைஃபிளில் 30 அடி-பவுண்டுக்கு மேல் உதைக்கும். தோள் வலிக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடும் பழக்கம் வந்துவிட்டால் எந்தக் காலிபரும் உதவாது. வீட்டுக்குள் இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வீட்டுச் சுவர் என்பது என்ன என்று பார்க்கலாம். நம் ஊர்ச் செங்கல் சுவர் அல்ல. இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவே மூன்றரை அங்குல வெற்றிடம், பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம். வெளிச்சுவரும் பல வீடுகளில் வினைல் பலகைக்கு உள்ளே ஒரு மரத்தூள் தகடு, அவ்வளவே. ஆளை நிறுத்தும் பலம் உள்ள எந்தத் தோட்டாவும், .38 உட்பட, இப்படிப்பட்ட பல சுவர்களைத் தாண்டும். ஹாலோபாயிண்ட் குண்டின் குழியை ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டால் விரியாமல் இன்னும் ஆழமாகப் போகும். ஆகவே .38 போட்டால் சுவர் தாங்கும் என்று யாரும் நம்பக் கூடாது. வேறுபாடு இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, ஆளின் மீது பட்ட குண்டு உடலுக்குள்ளேயே நிற்குமா என்பது. உடல் திசுவுக்கு ஈடாக வைக்கும் சோதனை ஜெல்லில் 12 முதல் 18 அங்குலம் போவதைத்தான் எஃப்.பி.ஐ. தரமாக வைத்திருக்கிறது, நல்ல .38 பிளஸ்-பி ஹாலோபாயிண்ட் அந்த வரம்புக்குள் நிற்கும்படி செய்யப்பட்டது, மானுக்கான .30-30 அப்படிச் செய்யப்பட்டதல்ல. இரண்டு, குறி தப்பிய குண்டு பக்கத்து வீட்டை எட்டும்போது எவ்வளவு பலம் மிஞ்சியிருக்கும் என்பது.

ஆகவே பகலில் ஒருநாள் படுக்கையறை வாசலில் வெறும் கையோடு நின்று பாருங்கள். எந்தத் திசையில் பிள்ளைகள் அறை, எந்தத் திசையில் பக்கத்து வீட்டு ஜன்னல், எந்தத் திசையில் செங்கல் கணப்பு அல்லது புத்தக அலமாரி? நின்று காத்திருக்கும் இடம், பின்னால் பாதுகாப்பான திசை இருக்கும் இடமாக இருக்க வேண்டும். மாடி வீட்டில் படிக்கட்டின் மேலிருந்து கீழ்நோக்கி இருக்கும் கோணம் பல நேரம் உதவும். குண்டு தரையை நோக்கிப் போகும். இதை முடிவு செய்யாமல் காலிபரை முடிவு செய்வது பாதி வேலைதான்.

சத்தத்தையும் மறக்கக் கூடாது. மூடிய அறைக்குள் .357 மேக்னமோ .30-30-யோ ஒரே ஒரு முறை சுட்டாலும் காதுக்கு நிரந்தரச் சேதம் வரலாம். .38 ரைஃபிள் குழலில் ஒப்பீட்டில் தணிவாக இருக்கும். பாதுகாப்பான அளவு என்று சொல்ல முடியாது. துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே மின்னணுக் காதுமூடி ஒன்றையும் டார்ச் ஒன்றையும் வைப்பது நல்ல பழக்கம்.

ஒன்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: வீட்டுப் பாதுகாப்பு மட்டுமே தேவை, வேட்டை கிடையாது என்றால் லீவர் ஆக்ஷன் என் முதல் தேர்வு அல்ல. சுட்ட பிறகு ஒவ்வொரு தோட்டாவாக லோடிங் கேட் என்னும் பக்கவாட்டுத் திறப்பு வழியே விரலால் தள்ள வேண்டும், நடுங்கும் கையில் அது மெதுவாக நடக்கும். இயக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லீவர் இழுக்க முடியாது. ஏற்கெனவே மானுக்காக வாங்கியிருப்பவருக்கும், அரைத் தானியங்கி ரைஃபிளுக்குக் கெடுபிடி உள்ள மாநிலத்தில் வாழ்பவருக்கும் இது அர்த்தமுள்ள வழி. கலிஃபோர்னியாவின் பத்துத் தோட்டா மேகஸின் வரம்பு லீவர் ஆக்ஷனின் குழாய் மேகஸினுக்குப் பொருந்தாது.

வைத்திருக்கும் முறை: குழாயில் தோட்டா, சேம்பர் காலி, ஹேமர் (சுடும்போது அடிக்கும் சுத்தியல்) முழுவதும் கீழே, துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள். எடுத்ததும் ஒரு முறை லீவரை இழுத்தால் தயார். சேம்பரில் தோட்டா வைத்து ஹேமரைப் பாதி ஏற்றி வைக்கும் பழைய பழக்கம் வீட்டுக்கு வேண்டாம்.

கோளாறுகளில் முதலிடம் நம் கைக்குத்தான். லீவரை முழுவதும் முன்னால் தள்ளாமல் பாதியிலேயே திருப்பினால் பழைய கேஸ் வெளியேறாது, புதிய தோட்டா மேலே வராது. பதற்றத்தில் எல்லோருக்கும் கை குறுகும். பயிற்சியில் லீவரைத் தயவு தாட்சண்யமின்றி, முட்டும் வரை தள்ளிப் பழக வேண்டும்; துப்பாக்கி உடையாது.

அடுத்தது மார்லினின் பெயர்போன அடைப்பு. குழாயிலிருந்து இரண்டாவது தோட்டா சற்று முன்னதாக நழுவி கேரியர் என்னும் தூக்குப் பலகைக்கு அடியில் நுழைந்துவிடும்; லீவர் அசையாது. லீவரின் உள்பக்க வளைவில் கூரான விளிம்பு இருந்தால் அது கேரியரின் அடியைத் தேய்த்துப் பள்ளமாக்குகிறது, கேரியர் உயர வேண்டிய நேரத்துக்குத் தாமதமாக உயர்கிறது, அந்த இடைவெளியில் தோட்டா நழுவுகிறது. பழைய மார்லின் வாங்கும்போது லீவரைக் கழற்றி கேரியரின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். பளபளவென்று தேய்ந்திருந்தால் பரவாயில்லை, நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் கன்ஸ்மித் என்னும் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும்: லீவர் விளிம்பை மழுக்கி, கேரியருக்குத் தகடு வைத்துச் சரிசெய்வார்.

திருகுகள் தளரும், குறிப்பாக .44-லும் .45-70-லும். லோடிங் கேட் திருகையும் லீவர் திருகையும் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பொருத்தமான முனையுள்ள ஸ்க்ரூடிரைவரால் சரிபார்க்க வேண்டும்; திருகு தளராமல் பிடிக்கும் நீல நிறத் திரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு போதும். சிவப்பு போட்டால் சூடாக்கித்தான் கழற்ற வேண்டியிருக்கும். கையால் தோட்டா அடைப்பவர்கள் குண்டின் பள்ள வளையத்தில் கேஸ் வாயை இறுக்கமாக மடிக்கத் தவறினால், குழாய்க்குள் உதைப்பில் குண்டு கேஸுக்குள் அமுங்கி அழுத்தம் எகிறும். லெவரெவல்யூஷனின் சுட்ட கேஸ் சில காலிபர்களில் வழக்கத்தை விடச் சற்றுக் குட்டை. அவற்றைத் தனியாகப் பிரித்து வைக்காவிட்டால் மடிப்பு சீராக வராது.

வேட்டையில் ஆபத்தான நொடி சுடும்போது அல்ல, சுடாமல் விடும்போது. ஹேமரை ஏற்றிக் காத்திருந்து, மான் போய்விட்டது. இப்போது சேம்பரில் இருக்கும் சுடாத தோட்டாவின் மேல் ஹேமரைக் கட்டைவிரலால் இறக்க வேண்டும். குளிரில் மரத்த விரல், கையுறை, மேலே ஸ்கோப் மறைப்பது எல்லாம் சேர்ந்தால் ஹேமர் நழுவும். குழலை மண் நோக்கித் திருப்பி, கையுறையைக் கழற்றி, பாதுகாப்புப் பொத்தான் இருந்தால் அதைப் போட்டுவிட்டு இறக்குங்கள். ஸ்கோப் வைத்தவர்கள் ஹேமருக்குப் பக்கவாட்டுக் கொம்பு ஒன்று மாட்டிக்கொண்டால் விரலுக்கு இடம் கிடைக்கும். தோட்டா இறக்கும்போதும் இதே கவனம்: பழைய வகை ரைஃபிளில் குழாயில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சேம்பர் வழியேதான் வெளியேற்ற வேண்டும். முன்முனையில் உள்குழாயை உருவி எடுத்துத் தோட்டாக்களை மொத்தமாகக் கொட்டும் வசதி ஹென்றியில் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதை ஒரு பெரிய காரணமாகவே எடுத்துக்கொள்ளலாம். எந்த வகையானாலும் கடைசியில் லீவரைத் திறந்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பார்க்க வேண்டும்.

தேர்ந்தெடுத்த வீட்டுத் தோட்டாவில் குறைந்தது ஐம்பது தோட்டாக்களாவது தடையில்லாமல் ஓடிய பிறகுதான் ரைஃபிளைப் பெட்டியில் வையுங்கள். குழாயை முழுவதும் நிரப்பியும் ஓட்டிப் பாருங்கள், சில குழாய்கள் நிரம்பியிருக்கும்போது மட்டும் தகராறு செய்யும். சைட்டை வேட்டைத் தோட்டாவுக்கு வைத்துவிட்டு, அதே சைட்டில் .38-ஐ 7 கெஜத்திலும் 25 கெஜத்திலும் சுட்டு எங்கே படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 7 கெஜத்தில் இரண்டு தோட்டாவுமே குறிக்குக் கீழே படும், சைட் குழலின் நடுவிலிருந்து எவ்வளவு உயரமோ ஏறத்தாழ அவ்வளவு. அது துப்பாக்கியின் கோளாறு அல்ல. அதைப் பார்த்து சைட்டைத் திருப்பினால் நவம்பரில் மானின் முதுகுக்கு மேல் குண்டு போகும்.